கை நனைக்காதவர்

ஜமுனாமரத்தூரில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், காலையில் கண் விழித்ததும் ஒருவரைத் திட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே, பனியில் ஒரு டார்ச் வெளிச்சம் ஏரிப் பக்கமாக ஆடி ஆடிப் போகும். பின்னாலேயே நாய்கள் குரைத்துக்கொண்டு போகும். மார்கழியில் அந்த மலையில் போர்வையை விட்டுக் கால் விரலை நீட்டக்கூட யோசிப்போம். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பேன். தூக்கம் வராது. வெளியே ஒருவர் நடந்துகொண்டே இருக்கும்போது உள்ளே படுத்துக் கிடப்பது ஒரு மாதிரி உறுத்தும்.

அவர் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். சொந்த ஊர் வாணியம்பாடி. மலையில் எல்லாருக்கும் அவர் பாய், அதனால் எனக்கும் பாய். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பஸ் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. பாயின் ஜீப் வராத நாள் கிடையாது. நான் முதன்முதலில் பார்த்தபோது அந்த ஜீப்பை அவர் சட்டை மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு உடம்பு. ஸ்டியரிங் உரசி உரசி அவருடைய எல்லாச் சட்டையிலும் தொப்பைக்கு நேரே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும்.

விஷயம் எனக்குத் தெரிந்தது எடை மிஷினால். ஒரு நாள் ஓ.பி. முடிந்து கூட்டமெல்லாம் போன பிறகு வந்து, இங்கே எடை பார்க்கலாமா என்று கேட்டார். ஏறி நின்றார். முள் போன தூரத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சிக்குக் கிட்னி ரெண்டும் போச்சு சிஸ்டர். டயாலிசிஸ்ல இருக்கா. என்னுது அவளுக்குச் சேரும்னு வேலூர்ல சொல்லிட்டாங்க. ஆனா இந்த உடம்ப வச்சிக்னு குடுக்க முடியாதாம். கொறச்சிட்டு வா, சர்க்கரை எட்டிப் பாக்குது, அதையும் எறக்கிட்டு வான்னுட்டாங்க."

எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேறு யாரும் இல்லையா என்று கேட்டேன். இருந்தார்கள். பெரியண்ணனுக்கு பிரஷர். அடுத்த அண்ணன் தோல் மண்டியை விட்டு ஒரு நாள் நகர்ந்தால் வியாபாரம் படுத்துவிடும். தங்கை புருஷனுக்கு, தானும் படுத்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலை. எல்லாமே உண்மைதான் என்று பாயே சொன்னார். அவர்கள்மேல் அவருக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. "ரீஸன் இருக்கும் சிஸ்டர். இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பிறகு நான் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம் அது. மழை பெய்தாலும் அதுதான், முட்டி வீங்கினாலும் அதுதான், ராத்திரி முழுக்க கலசப்பாக்கம் வரை பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வந்தாலும் அதுதான். மழை இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், இவர் நடப்பார்.

பாய்க்குப் பெண்சாதி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. பிள்ளை கிடையாது. அம்மா செத்த பிறகு அந்தத் தங்கையைத் தூக்கி வளர்த்தவர் இவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருந்தார். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்றேன். "சொன்னா ஆளாளுக்கு ஐயோ பாவம்னுவான். நாலு பேரு சொன்னா எனக்கே என் மேல பாவம் வந்துடும். அப்புறம் நா எங்க நடக்கறது?" என்றார். தங்கைக்கும் தெரியாது. உடம்பு இறங்கி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது என்று நினைத்தார்.

அன்றிலிருந்து வாரா வாரம் எங்கள் மிஷினில் ஏறுவார். முள்ளைப் பார்ப்பார், இறங்குவார். ஜீப்பில் ஆள் சேருகிற வரை மற்ற டிரைவர்கள் டீயும் போண்டாவுமாக உட்கார்ந்திருக்க, இவர் தன் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடப்பார். சந்தைக்கு வந்த கிழவி ஒருத்தி, பாய் ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்து, எத்தனை சுற்று என்று அக்கறையாகக் கேட்டாள். பீடியை விட்டார். டீயில் சர்க்கரையை விட்டார், கொஞ்ச நாளில் டீயையே விட்டார். ஒரு தடவை என்னையும் நடக்கக் கூப்பிட்டார். எனக்கும் உடம்பு ஒன்றும் கொஞ்சம் இல்லை. நைட் டியூட்டி, தைராய்டு, நாய் பயம், வீட்டுக்காரர் ஆரணியிலிருந்து போன் பண்ணுகிற நேரம் அதுதான் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவருடைய வாக்கியத்தைச் சொன்னார். ரோஷத்தில் ஒரு வாரம் நடந்தேன். அப்புறம் மழை வந்தது, நான் உள்ளேயே இருந்துவிட்டேன்.

நடப்பதெல்லாம் அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. சோறுதான் கஷ்டம். சோறு என்றால் அவர் சாப்பிட ஆசைப்பட்ட சோறு இல்லை. மற்றவர்கள் ஆசையாகப் போட்ட சோறு.

மலை ஊர்களில் ஜீப் கடைசியாக நிற்கிற இடத்தில் டிரைவருக்குச் சோறு உண்டு. கூப்பிட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. சாமைச் சோறு, களி, மொச்சைக்கொட்டைக் குழம்பு. கோழி அடிக்கிற நாளென்றால் கோழியைக் கட்டிப் போட்டுவிட்டு, பாய் வந்து அறுக்கட்டும், இல்லாவிட்டால் அவர் சாப்பிட மாட்டார் என்று பசியோடு காத்திருப்பார்கள். நெல்லிவாசல்நாட்டில் ஒரு அக்கா இருந்தார். வீட்டைச் சுற்றிப் புளியமரம், கொஞ்சம் சாமைக்காடு, ஒரே ஒரு பெண். அக்காவுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. பாய் அந்த ஊருக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டில்தான் மதியச் சோறு. அக்கா, பாய் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், ஆனால் பழக்கம் உடன்பிறப்புப் பழக்கம். அந்தப் பெண் வயதுக்கு வந்தபோது பாய்தான் புடவை எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள்.

எடை குறைய ஆரம்பித்த முதல் சில மாதங்களில் பாய் இந்த வீட்டுச் சோற்றை மட்டும் விடவில்லை. கொஞ்சமாகப் போடச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆடி மாதம் வந்தது. ஊருக்கு ஊர் பொங்கல், கிடா. ஜீப் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு வீடு கூப்பிடும். ஒரு வாய் பாய், ஒரே ஒரு வாய். மாதக் கடைசியில் வேலூருக்குப் போனார். எடை பரவாயில்லை, சர்க்கரை ஏறியிருக்கிறது, மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூன்று மாதம் அவருக்கு இல்லை, தங்கைக்கு. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் படுக்கிற உடம்பில் மூன்று மாதம் என்பது எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. என் அறை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. "எல்லா வூட்லயும் நல்லவங்கதான் கீறாங்க சிஸ்டர். அதான் ஆபத்து" என்றார்.

அன்றோடு யார் வீட்டிலும் கை நனைப்பதை விட்டுவிட்டார். டிபன் பாக்ஸில் அவித்த கொள்ளும் வெள்ளரிக்காயும் கொண்டு வருவார். ஊர்க்கோடியில் ஜீப்பை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அக்கா சோறு போட்டு வைத்துவிட்டு ஆள் அனுப்புவார். வேண்டாம் என்று பதில் போகும். ஏன் என்று கேட்டால் பேச்சு இருக்காது.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போவதென்றால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. சண்டை என்று அர்த்தம். இல்லையென்றால், நீ என்னைவிடக் கீழே என்று அர்த்தம். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் மலைக்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அதையெல்லாம் பார்த்துச் சலித்த சனம். பாய் அப்படி இல்லை என்பதில்தான் அவர்களுக்கு அவ்வளவு பெருமை. இப்போது பாயும் அப்படியா என்று பேச்சு கிளம்பியது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நோன்பு என்று சொல்லிவிடுங்கள் பாய், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னேன். ரம்ஜான் மாதத்தில் அவருக்கு ஊரே மரியாதை செய்யும். அவர் எதிரில் வெற்றிலைகூடப் போட மாட்டார்கள். அவர் என்னை முறைத்தார். அல்லா பெயரில் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டார். சரி, டாக்டர் சொன்னார் என்றாவது சொல்லுங்கள், அது பொய் இல்லையே என்றேன். அதற்கும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். மற்றவர்கள் சொல்லும் காரணத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனுஷன், தனக்கென்று இருந்த நியாயமான காரணத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. அது அவருடைய பலமா, கிறுக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கிட்ட இருந்து பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரிக்காரர்களான எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், பாய் ஜீப்பில்தான் போனோம். பாய் விடியலிலேயே இரண்டு நடை மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார். அவருக்கென்று ஒரு கிடாவைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார் அக்கா. அவரே அறுத்துக் கொடுத்தார். தனி அண்டாவில் அது வெந்தது. அவர் சட்டை தோளில் தொங்குகிற அளவுக்கு இளைத்திருந்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஊரில் பெண்ணின் தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்து கை நனைத்தால்தான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். பந்தி உட்கார்ந்தபோது அக்கா நேராக ஜீப்புக்குப் போய் பாயின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தாய்மாமன் இலையில் உட்கார வைத்தார். அக்காவுக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தது பாய்க்கே தெரியாது. சோறு விழுந்தது. கறி விழுந்தது. பந்தி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. மறுவாரம் அவருக்கு வேலூர். ஒரு வாய் பாய், ஒரே ஒரு வாய் வைத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

பாய் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அக்காதான் கேட்டார். "இன்னாத்துக்கு பாய்? நாங்க உனக்கு இன்னா பண்ணோம், அத மட்டும் சொல்லு." எத்தனையோ வருஷமாக வாங்க போங்க என்று பேசியவர், அன்றைக்கு உனக்கு என்றார். பாய் திரும்பி ஜீப்புக்கு நடந்தார். அவருடைய இலையை எடுத்துவிட்டு, அக்கா பிறந்த வீட்டுப் பங்காளி வகையில் யாரோ ஒரு பையனை அங்கே உட்கார வைத்துப் பந்தியை நடத்தினார்கள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் அவரைத் திட்டினேன். ஒரு வாய் சோற்றில் உங்கள் தங்கை உயிர் போய்விடுமா, அந்த அம்மா முகத்தைப் பார்த்தீர்களா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வளைவு தாண்டின பிறகு, ஆடி மாதமும் அந்த ஒரு வாய்தான் என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்துச் சனம் அவர் ஜீப்பில் ஏறவில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை. வேறு ஜீப்புக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாய் எப்போதும் போல நேரத்துக்குப் போய், காலியாகத் திரும்பி வருவார். பஸ் ஸ்டாண்டில் பேச்சுத் துணைக்கும் ஆள் குறைந்தது. ஏரிப் பக்கம் டார்ச் வெளிச்சம் முன்னைவிடச் சீக்கிரம் கிளம்பி, தாமதமாகத் திரும்பியது. அறைக்குப் போனாலும் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

வேலூரில் தேறிவிட்டார். எடை, சர்க்கரை எல்லாம் சரி. இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் தங்கையிடம் சொன்னாராம். அவள் போனில் அழுதுகொண்டே இருந்தாளாம். மலைக்கு வந்ததும் ஒரு பெரிய பொட்டலம் ஜிலேபியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். எதற்கு என்று யார் கேட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு துண்டு எடுக்கவில்லை. ஜமுனாமரத்தூரில் அந்த சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. என்னிடமும் "பாஸ்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

ஆபரேஷனுக்கான பேப்பர் வேலை நடந்துகொண்டிருந்தபோது தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பாய் அங்கே போனபோது அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் மலை ஏறிவிட்டார். நேராக என் அறைக்கு வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறி நின்றார். முள் நல்ல இடத்தில் நின்றது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"இந்த உடம்ப வச்சிக்னு நா இன்னா பண்றது சிஸ்டர்?"

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவரே இறங்கினார். மறுநாள் விடியலில் ஜன்னலுக்கு வெளியே இருட்டாகவே இருந்தது. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் படுத்திருந்தேன்.

அந்த வாரம் நெல்லிவாசல்நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம். ஆஸ்பத்திரி வண்டி ரிப்பேர், பாய் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனோம். முகாம் முடிந்து நான் ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது அவர் ஜீப்பை விட்டு இறங்கி நடப்பதைப் பார்த்தேன். அக்கா வீட்டை நோக்கிப் போனார். எனக்குப் பயமாக இருந்தது, பின்னாலேயே போனேன்.

அக்கா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பாய் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குதுக்கா. சோறு போடு."

அக்கா கல்லைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து உள்ளே போவாரா, கதவைச் சாத்துவாரா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனார். தட்டு நிறையச் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். பாய் பிசைந்து சாப்பிட்டார். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அவர் எதற்காகச் சாப்பிடுகிறார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நின்று பார்க்க முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை.

அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடுகிற அழகையே பார்த்தார். முகம் அப்படித் தெளிந்துவிட்டிருந்தது.

"இத அன்னிக்கே துன்னிருந்தா இன்னா பாய் ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

பாய் தலையைத் தூக்கினார். சொல்லிவிடுங்கள் பாய், இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்று நான் அவரையே பார்த்தேன்.

"ஒண்ணும் ஆயிருக்காதுக்கா" என்றார். "கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

அக்கா சந்தோஷமாக எழுந்து சட்டியை எடுத்துவர உள்ளே போனார்.